பெரம்பூரில் குனிந்த பேருந்து

மூன்று வாரம் சென்னையில் இருந்தேன். விமான நிலைய வரிசை, வங்கி வேலை, வீட்டுவரி, தண்ணீர் இணைப்பு எல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெரம்பூரில் ஒரு பேருந்து என் அம்மாவுக்காகக் குனிந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதே நாளில் அடுத்த அரை மணி நேரத்துக்குள் என்னைக் கோபத்தில் நடுரோட்டில் கத்தவைத்த இன்னொன்றைப் பற்றியும்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆறு வருடமாக அவர் பேருந்தில் ஏறவில்லை. தொலைபேசியில் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். நானும் ‘ஆட்டோவில் போயேன், காசு நான் அனுப்புகிறேன்’ என்று ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறையானது என்பது 2025 ஆகஸ்டில்தான் புரிந்தது.

அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் கந்தகோட்டம். பாரிமுனைப் பக்கம், ராசப்ப செட்டித் தெருவில், கடைகளுக்கு நடுவே இருக்கும் முருகன் கோயில். வள்ளலார் சிறு வயதில் நின்று பாடிய சந்நிதி. என் பள்ளிக்கூட நாட்களில் கிருத்திகை தவறாமல் கூட்டிப்போவார். கையில் பூக்கூடை, இடுப்பில் தம்பி, பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். கம்பியை ஒரு கையால் பற்றி, ஒரே உந்தலில் முதல் படியில் ஏறிவிடுவார். உள்ளே போனதும் நடத்துநர் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழமாட்டார். சில்லறை கைமாறிக் கைமாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் மீதிக் காசும் அதே வழியில் திரும்பி வரும். பத்துக் கை மாறி வந்த காசில் ஒரு பைசா குறைந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா டிக்கெட்டை வளையலுக்குள் செருகிக்கொள்வார். கல்லூரிக் காலத்தில் 29சி பிடித்து பெசன்ட் நகர் வரை தோழிகளோடு போனதெல்லாம் பிறகு. எனக்குப் பேருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த வளையலில் செருகிய டிக்கெட்தான்.

அப்படி ஏறிய அம்மாவைப் பேருந்திலிருந்து பிரித்தது அந்த முதல் படி. பழைய வகைப் பேருந்தின் தளம் சாலையில் இருந்து 900 மில்லிமீட்டர் உயரம். மூன்று படி ஏறினால்தான் உள்ளே. முதல் படியே அம்மாவின் முழங்கால் உயரம். முழங்கால் நன்றாக இருப்பவருக்கு இது கண்ணில் படாது. தேய்ந்தவருக்கு அது சுவர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ‘இன்றைக்குக் கோயிலுக்குப் போகலாமா’ என்று அம்மாதான் கேட்டார். ஆட்டோவுக்காகப் பெரம்பூர் நிறுத்தத்துப் பக்கம் நின்றிருந்தோம். அப்போது சத்தமே இல்லாமல் ஒரு பேருந்து வந்தது. மின்சாரப் பேருந்து. பலகையில் பாரிமுனை. ‘வேண்டாம், என்னால் ஏற முடியாது’ என்று அம்மா என் கையைப் பின்னால் இழுத்தார். ஓட்டுநர் அம்மாவின் கைத்தடியைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சற்றுத் தள்ளி நிற்கப்போன வண்டியை ஒடித்து, நடைபாதை விளிம்பை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு திறந்தது. ‘புஸ்’ என்று காற்று இறங்கும் சத்தம். வண்டியின் இடது பக்கம் மெதுவாக, ஒரு யானை முன்னங்காலை மடக்குவதுபோல, கீழே இறங்கியது.

‘ஐயோ, பஞ்சராகிவிட்டதே’ என்றார் அம்மா.

நடத்துநர் கதவருகே வந்து நின்றார். ‘பஞ்சர் இல்லை அம்மா, உங்களுக்காகத்தான் இறக்கியிருக்கிறார். ஏறுங்கள், படி கிடையாது’ என்றார்.

அம்மா முதலில் கைத்தடியால் வண்டியின் தளத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு வலது காலை வைத்தார், இடது காலை வைத்தார், உள்ளே இருந்தார். திண்ணையில் இருந்து கூடத்துக்குள் போவதற்கு எவ்வளவு சிரமமோ அவ்வளவுதான். நான் தாங்கிப் பிடிக்க நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஜன்னலோரம் ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். அம்மா உட்கார்ந்தார். வண்டி மறுபடியும் நிமிர்ந்து கிளம்பியது. வியாசர்பாடி தாண்டும் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. கதவுப் பக்கத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசின் பாலம் அருகில் மெதுவாகக் கேட்டார்: ‘படி எங்கே போயிற்று?’

நான் வசிக்கும் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் எல்லாப் பேருந்தும் இப்படித்தான் குனியும். பதினேழு வருடமாக அதில் ஏறி இறங்குகிறேன், ஒரு நாளும் கண்ணில் நீர் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

இந்த வண்டிகள் தானாக வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். 900 மில்லிமீட்டர் உயர வண்டியே போதும் என்றும், 650-க்கு இறங்கி வருகிறோம் என்றும் பேச்சு நடந்தபோது, 400 மில்லிமீட்டர் தாழ்தளம்தான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்கள் அவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் நகரத்தில் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் கிளம்பின, உலக வங்கி உதவியோடு. தமிழ்நாட்டின் பேருந்துகளுக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்திருக்கிறது என்பதை அறிந்தபோது, அங்கே நான் கட்டும் வரிக்கும் இந்தத் தெருவுக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாகப் பட்டது. மின்சார வண்டிகள் முதலில் வடசென்னையில் ஓடின என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. எந்தப் புதிய வண்டியும் அண்ணா சாலையைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் வரும் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

மின்சாரம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1895-இலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியிருக்கிறது. இந்தியாவில் அதுதான் முதல். தாத்தா அதில் வேலைக்குப் போனவர். 1953-இல் அது நின்றுபோனதை, வீட்டில் ஒருவர் இறந்ததைப் போலச் சொல்வார்.

தாழ்தளப் பேருந்துக்கான அந்த வழக்கில் எதிர்த்தரப்பு சொன்ன முக்கியமான காரணம் என்ன தெரியுமா? சாலை சரியில்லை, சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும், இந்த வண்டி இந்தச் சாலைக்கு ஆகாது என்பது. அதைப் படித்தபோது சாக்கு என்று நினைத்தேன். பூக்கடையில் இறங்கும்போது, அது எவ்வளவு பெரிய உண்மையை ஒப்புக்கொண்ட பேச்சு என்று புரிந்தது.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. பூக்கடை நிறுத்தம். நடைபாதை விளிம்புக்கும் பேருந்துக்கும் நடுவே இரண்டு வரிசை இருசக்கர வாகனங்கள், சரக்கு இறக்கும் ஒரு சிறு லாரி, கொய்யாப்பழ வண்டி. ஓட்டுநர் எவ்வளவோ முயன்றார். விளிம்புக்குப் பத்தடி தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. நல்ல மனிதர், மறுபடியும் வண்டியைக் குனியவைத்தார். ஆனால் இந்த முறை கீழே நடைபாதை இல்லை, வெறும் சாலை. பெரம்பூரில் நடைபாதையின் உயரமும் வண்டியின் உயரமும் ஒன்றை ஒன்று எட்டித் தொட்டதால்தான் படி காணாமல் போயிருந்தது. இங்கே அந்தப் படி திரும்பி வந்துவிட்டது. அம்மா கீழே பார்த்தார். என் தோளைப் பிடித்தார். நான் முதலில் இறங்கி இரண்டு கையையும் பிடித்து இறக்கினேன். அவர் கால் தரையைத் தொட்ட கணத்தில், பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் இருந்த சந்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் புகுந்தது. நடத்துநர் பாதி உடம்பை வெளியே நீட்டி ‘நிறுத்தப்பா’ என்று அலறினார். அது அம்மாவின் புடவைக் கொசுவத்தை உரசிக்கொண்டு போயிற்று.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஜெர்மன் மொழியில் கத்தினேன் என்று அம்மா பிறகு சொன்னார்.

அதோடு முடியவில்லை. வாகனங்களுக்கு இடையில் ஒருக்களித்து நடைபாதைக்கு வந்தோம். ஏற முடியவில்லை. அங்கே அந்த விளிம்பு கிட்டத்தட்ட ஒன்றரை அடி இருக்கும். சாலையை மறுபடி மறுபடி போட்டு உயர்த்த, நடைபாதையை அதற்கும் மேலே உயர்த்திக் கட்டியிருப்பார்கள் போலும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறையே நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. இது அதைப்போல மூன்று மடங்கு. பேருந்தில் படியே இல்லாமல் ஏறி வந்த அம்மா, நடைபாதையில் ஏற முடியாமல், வாகனங்கள் ஓடும் சாலையின் ஓரமாகவே அறுபது எழுபது அடி நடந்து, ஒரு கடைக்காரர் சைக்கிள் ஏற்றுவதற்காக வைத்திருந்த சிமெண்டுச் சரிவின் வழியாக மேலே ஏறினார். அந்தக் கடைக்காரருக்குக் கோடிப் புண்ணியம். அந்தச் சாலை முழுவதிலும் என் அம்மாவை நினைத்து வைக்கப்பட்டதுபோல இருந்தது அந்த ஒரு சரிவுதான்.

கோயிலில் கூட்டமில்லை. அம்மா வெகுநேரம் சந்நிதியில் நின்றார்.

திரும்பும்போது மறுபடியும் தாழ்தள வண்டிதான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். காலையில் கண்டதை மறக்க முடியவில்லை அவருக்கு. ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். இளஞ்சிவப்பு முகப்புள்ள சாதாரணப் பேருந்துகள் வந்துகொண்டே இருந்தன. 2021 மே மாதத்தில் இருந்து அவற்றில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எவ்வளவு பெரிய காரியம் அது என்று ஜெர்மனியில் என் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கடைகளில் நின்று விற்கும் பெண்கள், கல்லூரிப் பெண்கள், யாரிடமும் காசு கேட்காமல் ஏறிப் போகிறார்கள். அன்றைக்கும் என் கண் முன்னால் ஏறினார்கள். அம்மாவும் ஏறலாம், நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். ஆனால் அந்த மூன்று படி? அம்மா வயதுள்ள இன்னொரு பாட்டி எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார். மூன்று வண்டியை விட்டுவிட்டு நான்காவதில், இரண்டு பேர் மேலே இருந்து இழுக்க, ஒருவர் கீழே இருந்து தாங்க, ஏறினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ‘ஆட்டோ கூப்பிடு’ என்றார். இருநூற்று இருபது ரூபாய்.

அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான் பெரம்பூருக்கு அடையாளம், எங்கள் வீட்டுக்கும். ரயில் பெட்டிகளின் வாசல்களில் அவர் கை பட்டிருக்கிறது. நடைமேடை இல்லாத இடத்தில் பெட்டியை நிறுத்தினால் அது பெட்டியே இல்லை என்பார். எவ்வளவு அருமையாகச் செய்தாலும் வாசலும் நடைமேடையும் சேர்ந்தால்தான் வண்டி முழுமை என்பது அவர் கட்சி. ஆட்டோவில் வரும்போது அந்தப் பேச்சு முழுவதும் காதில் ஓடியது.

ஏனென்றால் நான் வசிக்கும் ஊர் அப்பாவின் கட்சிதான். காசெலில் இதற்கென்றே ஒரு கல் இருக்கிறது. 1990-களில் அங்கே உருவாக்கி, அந்த ஊரின் பெயராலேயே ஜெர்மனி முழுக்க அழைக்கப்படும் விளிம்புக்கல். பேருந்து நிறுத்தத்தில் வரிசையாகப் பதித்திருப்பார்கள். சாலைப் பக்கம் அதன் முகம் உட்குழிந்து வழவழப்பாக இருக்கும். பேருந்தின் சக்கரம் அதைத் தொட்டால் டயர் கிழியாது, கல்லே சக்கரத்தை நேராக வழிநடத்தும். அதனால் ஓட்டுநர் பயமில்லாமல் ஒட்டி நிறுத்துகிறார். இடைவெளி ஒரு கை அகலத்துக்கும் குறைவு. அந்தக் கல்லின் மேல் தினமும் நின்றிருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் தேடி அறிந்தேன். அங்கே எண்பது வயதுப் பெண்கள் சக்கரம் வைத்த நடைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் சந்தைக்குப் போய் உருளைக்கிழங்கு வாங்கிவருகிறார்கள். அவர்கள் நம் பாட்டிகளைவிட வலுவானவர்கள் அல்ல. அவர்கள் ஊரில் கல் சரியான உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெர்மனியைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. 2022 ஜனவரி 1-க்குள் பொதுப் போக்குவரத்து முழுவதும் எல்லோரும் தடையின்றி ஏறும்படி ஆக வேண்டும் என்று அங்கே சட்டமே இலக்கு வைத்தது. அது எட்டப்படவில்லை. நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் போகும் மாதச் சீட்டு 2025-இல் 58 யூரோ. சென்னையில் குளிரூட்டப்படாத பேருந்துகளில் மாதம் முழுவதும் விருப்பம்போல் போக 1,000 ரூபாய் அட்டை போதும். அங்கே ஓட்டுநர் யாருக்காகவும் வண்டியை ஒடித்துக் கொண்டுவரமாட்டார். ஒடிக்க வேண்டிய தேவை இல்லை என்பது வேறு. ஆனால் ‘உங்களுக்காகத்தான் இறக்கியிருக்கிறார்’ என்று ஒரு நடத்துநர் சொன்ன அந்தக் குரலை அங்கே நான் கேட்டதில்லை. அங்கே நடத்துநரே இல்லை.

மறுநாள் காலை அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா ஒரு காலத்தில் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். மஞ்சள் நாடா, முனைத் தகடு தேய்ந்து முதல் அங்குலத்தின் எண் அழிந்துபோனது. பெரம்பூரிலிருந்து வியாசர்பாடிப் பக்கம் ஆறு நிறுத்தங்களில் நடைபாதை விளிம்பின் உயரத்தை அளந்தேன். முதலாவது, பேருந்து குனிந்த இடம்: ஏழு அங்குலம். இரண்டாவது: பன்னிரண்டு. மூன்றாவதில் நடைபாதையே இல்லை, மண். நான்காவது: பதினான்கு, விளிம்பை ஒட்டி இரும்புத் தடுப்பு வேறு. ஐந்தாவதில் நிழற்குடை நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது, பயணிகள் சாலையில் நின்றார்கள். ஆறாவதில் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு, அதன் முன்னால் ஒரு மரத்தில் கட்டிய பலகைதான் நிறுத்தம். ஆறில் ஒன்றே ஒன்றுதான் அந்த வண்டிக்குப் பொருந்தியது. அம்மாவுக்கு வாய்த்தது அந்த ஒன்று.

அளந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் ‘சாலை போடப் போகிறார்களா?’ என்று ஆவலோடு கேட்டார். இல்லை ஐயா என்று சொல்ல மனம் வலித்தது.

மெட்ரோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாதவரத்தில் இருந்து பெரம்பூர் வழியாகப் பூமிக்கடியில் ரயில் வரப்போகிறது என்பதை அப்பா இருந்து பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். போடட்டும். ஆனால் அந்த ரயிலுக்கும் அம்மா வீட்டு வாசலில் இருந்து நடந்துதானே போக வேண்டும்? மின்தூக்கி, நகரும் படிக்கட்டு எல்லாம் நிலையத்துக்குள் இருக்கும். அம்மாவின் வாசலுக்கும் நிலையத்தின் வாசலுக்கும் நடுவே இருக்கும் பதினான்கு அங்குலத்தை யார் குறைப்பது? அந்தத் தொகையோடு ஒப்பிட்டால் ஒரு நிறுத்தத்தின் விளிம்பைச் சரியான உயரத்தில் மாற்றிக் கட்டுவது பொரிகடலைக் காசு. செய்யத் தெரியாத ஊரும் இல்லை. 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதையில் அம்மாவைக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அகலமாக, மட்டமாக, நிழலோடு இருந்தது. ‘நம் பக்கம் ஏன் இப்படி இல்லை’ என்று அம்மா கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

புகை குறைய வேண்டும் என்றுதானே மின்சாரப் பேருந்து? எங்கள் பக்கத்து வீட்டில், தன் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதற்கென்றே மகன் தவணையில் கார் வாங்கியிருக்கிறான். நம் தெரு அதற்குப் போதாது, வீட்டு வாசலில் பாதி சாலையில் நிற்கிறது. அவனைக் குறை சொல்லமாட்டேன். ஏற முடியாத பேருந்தை மின்சாரத்தில் ஓட்டினாலும் டீசலில் ஓட்டினாலும் அவன் அம்மாவுக்கு ஒன்றுதான். எங்கள் தெருவில் மட்டும் அம்மா வயதில் ஒன்பது பெண்களை எண்ணினேன். ஒன்பது பேரும் ஒரு காலத்தில் பேருந்தில் வேலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போனவர்கள். இப்போது மகனோ மருமகளோ வண்டி எடுத்தால்தான் வெளியே வருகிறார்கள்.

காசெல் திரும்பிய மறுநாள் முதல் வேலையாக எங்கள் தெரு முனை நிறுத்தத்தில் அந்தக் கல்லை அளந்தேன். அம்மாவின் நாடாவைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஏழு அங்குலம், கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர். பேருந்து வந்து ஒட்டி நின்றதைப் படமெடுத்து அனுப்பினேன். நடைத்தாங்கியோடு ஒரு மூதாட்டி இறங்குவது அதில் பின்னால் இருந்து தெரியும்.

இரவு அம்மா கூப்பிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

‘அந்தப் பாட்டி கூட யாரும் இல்லையா?’

‘இல்லை அம்மா. தனியாகத்தான் வந்தார்.’

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, பெரம்பூர் நிறுத்தத்தில் அந்த ஏழு அங்குல இடம் சரியாக எங்கே இருக்கிறது, மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார். மரத்துக்கு இந்தப் பக்கம், பால் கடைக்கு நேர் எதிரே என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்.